நாலு நாள் ஊருக்குப் போகிறோம், நாய்க்குச் சாப்பாட்டை ஒரு வேளையாக மாற்றலாமா?

கேள்வி, 2 டிசம்பர் 2024

இரண்டு வயது லேப்ரடார், 30 கிலோ, இரண்டாவது மாடி ஃப்ளாட். காலை 7, மாலை 6 என்று இரண்டு வேளைச் சாப்பாடு. பொங்கலுக்கு நாலு நாள் தேனிப் பக்கம் போகிறோம். எதிர்ஃப்ளாட்காரர் சாவி வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். ஆனால் கடை அடைத்து வர அவருக்கு ராத்திரி 8 ஆகும், காலையில் வரவே முடியாது. அதனால் இப்போதிருந்தே காலைச் சாப்பாட்டை நிறுத்தி, ராத்திரி 8 மணிக்கு ஒரே வேளையாகப் பழக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். நாய்க்கு ஒரு வேளை போதும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சரிதானே?

பதில், 2 டிசம்பர், இரவு 9:50

சரிதான், பழக்கலாம். நாய்க்கு மணியெல்லாம் தெரியாது. தட்டு வைத்தால் சாப்பிடும், வைக்காவிட்டால் படுத்துத் தூங்கும். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டு நாய் ராத்திரி ஒரு வேளை கஞ்சியைக் குடித்துவிட்டுப் பதினாலு வருஷம் இருந்தது. ஒன்று மட்டும், நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஆறு வாரம் கையில் இருக்கிறது. தினம் கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போங்கள், தானாகப் பழகிவிடும்.

3 டிசம்பர், காலை 6:55

நேற்று எழுதியதை என் மனைவி படித்துவிட்டு, "முந்தின வருஷத் தீபாவளிக்கு நடந்ததை எழுதலையா?" என்றாள். எழுதவில்லை. மறந்து அல்ல, வெட்கப்பட்டு.

எங்கள் வீட்டில் இருப்பவன் செவலை. சிப்பிப்பாறைக் கலப்பு, இப்போது ஐந்து வயது, 19 கிலோ. மதுரையில் காம்பவுண்டு வைத்த தனி வீடு. இருவருக்கும் வேலை. அவனுக்கும் காலை 7, மாலை 6:30 என்று இரண்டு வேளைதான். 2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. சனிக்கிழமை காலை கோவில்பட்டிக்குக் கிளம்பி, திங்கள் ராத்திரி திரும்புவதாகத் திட்டம். மாடியில் குடியிருந்த கல்லூரிப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "ராத்திரி வந்து ரெண்டு வேளைச் சாப்பாட்டையும் மொத்தமா வச்சிடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனோம். முன்கூட்டிப் பழக்குவதாவது, ஒன்றாவது.

சனிக்கிழமை ராத்திரி செவலை தட்டின் பக்கமே வரவில்லை. தெருவில் வெடிச்சத்தம் வேறு. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஞாயிறு காலை 6 மணிக்குப் பையனிடமிருந்து போட்டோ வந்தது: கூடத்துத் தரையில் மஞ்சளாக நுரை. விஷம் வைத்துவிட்டார்களோ என்று என் மனைவி அழவே ஆரம்பித்துவிட்டாள். தீபாவளி காலையில் கால்நடை மருத்துவரைத் தொந்தரவு செய்தோம். அவர் அவசரப்படவில்லை. மஞ்சள் என்றால் பித்தம், வயிறு நீண்ட நேரம் காலியாக இருந்தால் சில நாய்களுக்கு விடியற்காலையில் இப்படி வரும், தண்ணீர் குடிக்கிறானா, நடமாடுகிறானா என்று மட்டும் பாருங்கள் என்றார். இரண்டும் இருந்தது. அன்று ராத்திரி பையன் தட்டை வைத்ததும் ஒன்றரை நிமிஷத்தில் மொத்தத்தையும் விழுங்கி, பாதியை அப்படியே முழுசு முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். காலி வயிற்றுக்கு ஒரு வாந்தி, நிரம்பிய வயிற்றுக்கு ஒரு வாந்தி. பையன் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்தான். எங்களால் இல்லை என்றுதான் சொன்னான்.

அப்போதிருந்து படுக்கப் போகும் முன் அவனுக்கு ஒரு கைப்பிடி டாக் ஃபுட் கொடுக்கிறோம். மஞ்சள் நுரை அதற்குப் பிறகு வரவில்லை. ஆகவே கேள்வி கேட்டவரே, 8 மணிக்கு ஒரே வேளை என்றால் அடுத்த சாப்பாட்டுக்கு 24 மணி நேரம். உங்கள் நாய் தாங்குமா என்பதை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஊரிலிருந்து போட்டோவில் அல்ல.

3 டிசம்பர், மதியம்

"ஒரு நாள் பட்டினி உடம்புக்கு நல்லது" என்று எழுதியவருக்கு: ஆரோக்கியமான பெரிய நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது, அவ்வளவுதான். நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஆள் இல்லாத ஏக்கத்தில் முதல் வேளையை ஒதுக்குவது சகஜம். இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால், அல்லது கூடவே வாந்தி, சோர்வு இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சாவி வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் நம்பரும் அவரிடம் இருக்க வேண்டும், உங்கள் போனில் இருந்து பிரயோஜனமில்லை.

5 டிசம்பர்

முதல் நாள் எழுதிய "மணி தெரியாது" என்பதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தை நாய் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று மூன்று நாளாகக் கவனித்தேன். என் கணக்கில் அது சத்தங்களின் வரிசை: பால்காரர் கேட்டைத் திறப்பது, மோட்டார் ஓடுவது, நான் அலமாரியின் கீழ் டிராயரை இழுப்பது. அந்த டிராயரில்தான் அவன் தட்டு இருக்கிறது. டிராயரை இழுத்தால் செவலைக்கு எச்சில் சொட்டத் தொடங்கிவிடும். நேற்று வேண்டுமென்றே வரிசையைக் கலைத்தேன். மோட்டார் போடவில்லை, டிராயர் பக்கம் போகவில்லை, விளக்குப் போடாமல் படுத்தே கிடந்தேன். 6:45க்கு ஈரமான மூக்கு ஒன்று என் முழங்கையில் வந்து இடித்தது.

ஆக, இரண்டுமே இருக்கிறது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது, வெளியே சத்தங்களும் வேலை செய்கின்றன. எலிகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். பகல் இரவை அறியும் மூளைப் பகுதியை நீக்கிய பிறகும், தினம் ஒரே நேரத்தில் தீனி கிடைத்த எலிகள் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே பரபரத்தன. சாப்பாட்டுக்கென்று தனிக் கடிகாரம் இருக்கிறது. கால் மணி கால் மணியாகத் தள்ளச் சொல்வது அதற்காகத்தான், திடீரென்று திருப்பினால் அந்தக் கடிகாரம் திரும்பாது. சத்தங்களின் பக்கம் பாவ்லவ், மணியடித்தே நாய்க்கு எச்சில் ஊறவைத்தார் என்று பேர் வாங்கிய ரஷ்ய விஞ்ஞானி. ஆனால் அவருக்கு 1904ல் நோபல் கொடுத்தது மணியடித்ததற்காக இல்லை, செரிமானத்தை ஆராய்ந்ததற்காக. அந்த ஆராய்ச்சியில்தான், சாப்பாடு கொண்டுவரும் ஆளைப் பார்த்ததுமே நாய்களுக்கு எச்சில் ஊறுவது தொந்தரவாக வந்து நின்றது. தொந்தரவு பெயரைக் கொடுத்துவிட்டது.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். நீங்கள் போன பிறகு சாப்பாடு போடப்போகிறவர், நீங்கள் இருக்கும்போதே ஐந்தாறு தடவை வந்து, அதே தட்டில், அதே இடத்தில் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். நேரத்தை மட்டும் பழக்கி ஆளைப் பழக்காவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. 2023ல் பையன் அதற்குமுன் செவலைக்கு ஒரு பிஸ்கட்கூடப் போட்டதில்லை.

6 டிசம்பர்

தாத்தா வீட்டு நாய் பற்றி அம்மாவிடம் போனில் கேட்டேன். சிரித்தார். "நம்ம வீட்ல ஒரு வேளைதாண்டா. காலைல டீக்கடை, மத்தியானம் பள்ளிக்கூடச் சத்துணவு, சாயங்காலம் உங்க சித்தப்பா வீடு." நாலு வேளை. நான் சொன்ன உதாரணத்தைத் தள்ளிவிடுங்கள்.

8 டிசம்பர்

இத்தனை பேர் எழுதியும் யாரும் சொல்லாத விஷயம்: வெளிக்குப் போவது. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், பெரும்பாலான நாய்களுக்கு அரை மணிக்குள் வெளிக்குப் போகத் தோன்றும். அதனால் தட்டின் நேரத்தை மாற்றினால் வெளிக்குப் போகும் நேரமும் கூடவே நகரும். உங்களுடையது ஃப்ளாட். கடைக்காரர் 8 மணிக்கு வந்து, வாசலில் கூட்டிப்போய்விட்டு, 8:10க்குத் தட்டை வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் 8:40க்குக் கூடத்தில் முடிந்துவிடும். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, நாயையும். முதலில் தட்டு, பிறகு அரை மணி உட்கார்ந்து டிவி பார்க்கட்டும், அப்புறம் கீழே கூட்டிப்போகட்டும்.

இன்னொன்று. ராத்திரி 8:40க்குப் போனால் அடுத்து மறுநாள் ராத்திரிதான். 24 மணி நேரம் சிறுநீரை அடக்க எந்த நாயையும் வைக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் இதற்காகவாவது காலையில் ஓர் ஆள் வேண்டும். செவலைக்குப் பின்வாசல் திறந்தே இருக்கும், காம்பவுண்டுக்குள் போய்க்கொள்வான். அதை வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு முதல் நாள் பதில் சொன்னது தப்பு.

11 டிசம்பர்

டம்ளர் கதை. போன ஏப்ரலில் மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் இரண்டு நாள் வெளியூர் போனபோது (எல்லாரும் மதுரைக்கு வரும்போது நாங்கள் வெளியே போவோம்) எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொன்னது: "வேளைக்கு ரெண்டு டம்ளர் பாட்டி." எங்கள் டம்ளர் காபி டம்ளர். பாட்டி அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது மோர் டம்ளர். இரண்டு நாளும் இரட்டைப் பங்கு. செவலைக்கு அது திருவிழா, திரும்பி வந்தபோது காம்பவுண்டு முழுக்கக் கழிச்சல்.

அதற்குப் பிறகு தராசில் நிறுத்து, வேளைக்கு ஒரு ஜிப் கவராகக் கட்டி, மேலே தேதியும் "காலை", "ராத்திரி" என்றும் எழுதிவிடுகிறேன். கவரைத் தட்டில் கொட்டினால் போதும், அளக்க வேண்டியதில்லை. ஒரு கவர் மிச்சமிருந்தால் ஒரு வேளை போடவில்லை என்பதும் தெரிந்துவிடும். அப்படி விட்டுப்போனால் அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது என்றும் எழுதி வையுங்கள்.

அளவு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவர்கள் போடும் கணக்கு: எடையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, வந்த எண்ணுக்கு மறுபடி வர்க்கமூலம் எடுத்து, 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருப்பதற்கே தேவையான கலோரி. கருத்தடை செய்த சாதாரண வீட்டு நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 30 கிலோவுக்கு முதல் எண் 900க்குப் பக்கத்தில், பெருக்கினால் சுமார் 1,430. உங்கள் டாக் ஃபுட் பையில் 100 கிராமுக்கு 370 கலோரி என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 390 கிராம் வரும். செவலைக்கு 275 கிராம். இது ஆரம்பப் புள்ளிதான். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா, இடுப்பு உள்வாங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். லேப்ரடாருக்குக் கூட்டும் வேலை வராது.

15 டிசம்பர்

ஆட்டோமேட்டிக் ஃபீடர் வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வாங்கினேன், ஆகஸ்டில். விலையைச் சொன்னால் அம்மா இதையும் படித்துவிடுவார்.

முதல் வாரம் அற்புதம். சரியாக 7க்குக் கடகடவென்று கொட்டியது, செவலை டிராயரை மறந்து அதன் முன் போய் உட்கார்ந்தான். இரண்டாம் வாரம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, நாள் முழுக்கக் கரண்டு இல்லை. ரவுட்டர் அணைந்ததும் போனில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பேட்டரி போட இடம் இருந்தது, நான்தான் போடவில்லை. மூன்றாம் வாரம் செவலை அதை மூக்கால் நெம்பிச் சாய்த்தால் பத்துப் பதினைந்து உருண்டை விழும் என்று கண்டுபிடித்தான். சுவரில் வார் போட்டுக் கட்டினேன். அக்டோபரில் மழை தொடங்கியதும் உள்ளே ஈரம் ஏறி, உருண்டைகள் ஃபீடரின் வாயில் சிக்கிக்கொண்டன. ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மூடியில் இருக்கிறது, மாதா மாதம் மாற்ற வேண்டுமாம்.

அப்புறம் எறும்பு. எந்த ஊர் விளம்பரத்திலும் எறும்பு வராது. இங்கே தட்டில் நாலு உருண்டை மிச்சமிருந்தால் அரை மணியில் சாரை சாரையாக வந்துவிடும். எறும்பு மொய்த்த தட்டைச் செவலை தொடமாட்டான். பாட்டி காலத்து வழிதான்: அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் சாப்பாட்டுத் தட்டு. ஃபீடருக்கும் அப்படியே, வயர் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டு. எறும்பு சாக்பீஸ் கோடு போட்டுவிடாதீர்கள். அது பூச்சிமருந்து, நாய் நக்கும் இடத்துக்கு ஆகாது.

15 டிசம்பர், சற்று நேரம் கழித்து

"சோறு நாய்க்குச் செரிக்காது, அதனால்தான் டாக் ஃபுட்" என்று ஒருவர். செரிக்கும். 2013ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவை ஓநாயின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு நகல், நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். மனிதன் வீட்டுச் சோற்றைத் தின்று பழகிய பிராணி. நம் வெயிலில் காலையில் வடித்த சோறும் கறியும் சாயங்காலத்துக்குள் ஊசிப்போவதுதான் பிரச்சினை. ஆள் இல்லாத வீட்டில் தட்டில் காத்துக்கிடக்க உலர்ந்த உணவுதான் தோது. ஆனால் இதுவரை சோறு மட்டுமே தின்ற நாயை, ஊருக்குப் போகும் அன்று டாக் ஃபுட்டுக்கு மாற்றினால் வயிறு போகும். ஒரு வாரம் பத்து நாள் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து வரவேண்டும். நேரம், ஆள், உணவு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். எது தப்பாய்ப் போனது என்றே தெரியாது.

17 டிசம்பர்

நாட்டு நாய்க்கு இந்தப் பவுசெல்லாம் வேண்டாம் என்பவருக்கு: 2005ல் அஞ்சல் துறை நாய் தபால்தலை நாலு வெளியிட்டது, அதில் இராஜபாளையமும் ஒன்று. தபால்தலையில் ஏறியவனுக்கு வேளைக்குச் சாப்பாடு கேட்க உரிமை இல்லையா?

19 டிசம்பர்

இனி விளையாட்டு இல்லாமல். ஒரே வேளையாக மொத்தத்தையும் வைப்பது பற்றி நான் முதல் நாள் தலையாட்டியது தவறு, குறிப்பாகப் பெரிய நாய்க்கு.

வயிறு காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்று இருக்கிறது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு அதிகம்: கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், செவலை மாதிரி வேட்டை நாய் உடல்வாகும் அதில் சேர்த்தி. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பெரிய நாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் சொன்ன காரணங்களில் வேகமாக விழுங்குவது ஒன்று, ஒரே வேளையில் பெரிய அளவு தின்பது இன்னொன்று. லேப்ரடாருக்கு கிரேட் டேன் அளவு ஆபத்து இல்லைதான், ஆனால் வேகத்தில் லேப்ரடாரை யார் மிஞ்ச முடியும்? வயிறு வீங்கி, வாந்திக்கு ஓங்கரித்தும் ஒன்றும் வராமல், எச்சில் வடிய நிலைகொள்ளாமல் நடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தனியாக இருக்கும் நாய்க்கு ராத்திரி 9 மணிக்கு அது வந்தால் பார்க்க ஆளில்லை. என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

இதற்கு மறுப்பாக ஒருவர் 2022ல் வந்த டாக் ஏஜிங் ப்ராஜெக்ட் (நாய்களுக்கு வயதாவதை ஆராயும் அமெரிக்கத் திட்டம்) ஆய்வை எடுத்துப் போட்டிருக்கிறார். 24,000க்கும் மேற்பட்ட நாய்கள், ஒரு வேளை சாப்பிடுபவற்றுக்குப் பல நோய்கள் குறைவாகத் தெரிந்தன. படித்தேன். வளர்ப்பவர்கள் தாங்களே நிரப்பிய கேள்வித்தாள் அது. ஒரு வேளை சாப்பிட்டதால் ஆரோக்கியமா, அல்லது நோயாளி நாய்க்கு மாத்திரையோடு பலமுறை ஊட்டுவதால் கணக்கு அப்படித் தெரிகிறதா என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. அதை எழுதியவர்களே அதை வைத்து முறையை மாற்றச் சொல்லவில்லை. ஒரு வேளை தின்று நன்றாக இருக்கும் நாய்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. நாலு நாள் பயணத்துக்காக அதைத் தொடங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. என் பதில் இப்போது: வேண்டாம். இரண்டு வேளையை விடாதீர்கள். நேரத்தை நகர்த்துங்கள், காலைக்கு ஆள் தேடுங்கள்.

20 டிசம்பர்

மூன்று மாதக் குட்டிக்கு இதே முறை சரிவருமா? வராது. குட்டிக்கு நாளைக்கு மூன்று நாலு வேளை வேண்டும். சின்ன ஜாதிக் குட்டிகளுக்கு ஒரு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம் வரலாம். குட்டியைக் கூடக் கூட்டிப்போங்கள், அல்லது போகாதீர்கள். இன்சுலின் போடும் நாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசி, அதோடு ஒட்டிய சாப்பாடு. அதை மருத்துவரைக் கேட்காமல் நகர்த்தவே கூடாது. இந்தப் பக்கத்தில் யார் என்ன சொன்னாலும், நான் உட்பட.

24 டிசம்பர்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். காலைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம்: பால் பாக்கெட் போடும் தம்பி! 5:45க்கு அந்த அபார்ட்மென்டுக்கு வருகிறவர், நாய்க்கு ஏற்கெனவே நண்பர். சம்பளம் பேசி, தட்டு வைத்து, மற்ற மாடிகளுக்குப் பால் போட்டுவிட்டு வந்து கீழே கூட்டிப்போக ஒப்புக்கொண்டிருக்கிறார். அரை மணி இடைவெளிக்கு இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தோன்றியிருக்காது.

கணக்கு எளிது. காலை 7லிருந்து 5:45க்கு, கால் மணி கால் மணியாக ஐந்து நாள். மாலை 6லிருந்து 8க்கு எட்டு நாள். முதலில் மாலையை நகர்த்துங்கள், அது நின்ற பிறகு காலையை. ஜனவரி 8க்குள் முடித்துவிட்டால் மிச்ச நாளில் பால் தம்பியும் கடைக்காரரும் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒத்திகை பார்க்கலாம். நீங்கள் நாயின் கண்ணில் படாமல் படுக்கையறையில் இருங்கள்.

2 ஜனவரி 2025

செவலைக்கும் பயணம் உண்டு, 13 மாலை முதல் 16 இரவு வரை. அவனுடைய மாலையை 6:30லிருந்து 7க்கு நகர்த்த இரண்டே நாள் போதும் என்று அலட்சியமாகத் தொடங்கினேன். முதல் நாள் 6:45. அந்தக் கால் மணி முழுக்க வெறும் தட்டைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். இரண்டாம் நாள் தட்டைக் கொண்டுவந்து என் லேப்டாப் மேல் வைத்தான். மூன்றாம் நாள் 6:45க்கே நின்றுவிட்டேன். அவன் என்னைப் பழக்குகிறான் என்றாள் மனைவி. ஐந்து நாள் ஆனது, அரை மணிக்கு. எல்லாருக்கும் கால் மணி கால் மணி என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

9 ஜனவரி

எதிர்வீட்டுப் பாட்டிதான் இந்தத் தடவையும் மாலைக்கு. காலைக்கு ஃபீடர், பேட்டரி போட்டாயிற்று. ஜிப் கவர்களைக் கொடுத்துவிட்டு, கொடுக்கக் கூடாதவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்: வெங்காயம், பூண்டு போட்ட எதுவும், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு, சர்க்கரை இல்லாத மிட்டாய். பாட்டி கண்ணாடி போட்டுப் படித்தார்.

"திராட்சையா? சக்கரைப் பொங்கல்ல திராட்சை இல்லாம எப்படிப்பா?"

"பாட்டி, நாய்க்குச் சக்கரைப் பொங்கலே வேண்டாம் பாட்டி. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்திடும்."

"பொங்க அன்னிக்கு வீட்டுக்கு ஒரு ஜீவன் இருக்கு, அதுக்குப் பொங்கல் வைக்காம நான் எப்படிப்பா சாப்பிடுவேன்?"

இதற்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை. பேரம் பேசினோம். பொங்கல் அன்று உப்பு, நெய், மிளகு சேர்க்கும் முன் பானையிலிருந்து ஒரு கரண்டி வெறும் பொங்கல் செவலைக்கு. அதற்காக அந்த வேளைக் கவரில் கொஞ்சம் குறைத்துக் கட்டியிருக்கிறேன். பாட்டிகளிடம் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், நம் முதுகுக்குப் பின்னால் கொடுப்பார்கள். எதைக் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

12 ஜனவரி

தண்ணீர் பற்றி யாருமே பேசவில்லை. கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி ஒரு நாளைக்கு, உலர்ந்த உணவு என்றால் இன்னும் கூட. இரண்டு கனமான பாத்திரத்தில், இரண்டு இடத்தில். ஒன்றைக் கவிழ்த்தாலும் இன்னொன்று இருக்கும். செவலை எப்போதும் ஒன்றைக் கவிழ்ப்பான்.

18 ஜனவரி

வந்துவிட்டோம். நடந்தது நடந்தபடி.

13 ராத்திரி: பாட்டி போட்டார், செவலை தொடவில்லை. எதிர்பார்த்ததுதான். 14 காலை ஃபீடர் 7க்குக் கொட்டியது, கேமராவில் பார்த்தேன், பக்கத்தில் போய் முகர்ந்துவிட்டு வாசலுக்கே திரும்பிவிட்டான். என் கை தானாகப் பையில் கார் சாவியைத் தேடியது. அன்று மாலை பாட்டி வெறும் பொங்கலைக் கவர் உணவின் மேல் பிசைந்து கையாலேயே இரண்டு வாய் ஊட்டியிருக்கிறார். மூன்றாவது வாயிலிருந்து அவனே. மறுநாள் இரண்டு வேளையும் காலி. மஞ்சள் நுரை இல்லை. படுக்கும் முன் கைப்பிடியைப் பாட்டி விடாமல் கொடுத்திருக்கிறார், அதற்குத் தனியாகச் சின்னக் கவர் கட்டியிருந்தேன்.

தப்பு நடந்த இடம் நாங்கள் திரும்பிய பிறகுதான். 16 ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் போட்ட ஆட்டத்தில் மனம் உருகி, பாவம் நாலு நாள் என்று ஒரு முழுத் தட்டு வைத்தேன். 7 மணிக்கே சாப்பிட்டிருந்தான். நள்ளிரவு 2 மணிக்குக் கழிச்சல், கூடத்தில், பின்வாசல் திறந்திருந்தும். ஊர் திரும்பிய ராத்திரி கொஞ்சிவிட்டுப் படுங்கள், சாப்பாடு அதன் நேரத்துக்கே.

லேப்ரடார்காரர் வீட்டில் எல்லாம் சரியாகப் போனதாக எழுதியிருக்கிறார். நாலு நாளில் 600 கிராம் எடை கூடியிருக்கிறதாம். பால் தம்பியை விசாரிக்கிறார்.

2 பிப்ரவரி

மாலையை மறுபடி 6:30க்கு இழுத்துவிட்டோம். இழுப்பது தள்ளுவதைவிடச் சுலபம், அவனுக்கு லாபம்தானே. ஆனால் 6:30க்குத் தட்டைக் காலி செய்துவிட்டு, 7 மணிக்குக் காம்பவுண்டு கேட்டில் போய் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்க்கிறான். தினமும். கடிகாரம் இன்னும் ஓடுகிறது போல என்று நினைத்தேன்.

2 பிப்ரவரி, இரவு 7:05

கடிகாரம் இல்லை. பாட்டி கையில் டம்ளரோடு தெருவைக் கடந்து வருகிறார். மோர் டம்ளர்.